சின்னக் கொடிக்குப் பெரிய சாடி

(தென் இலண்டனில் தமிழ் முதியோர் கூடும் மாதக் கூட்டமொன்றில், பெப்ரவரிக் கடைசியில் ஆற்றிய உரை. சிறு திருத்தங்களுடன் அச்சாகிறது.)



என்னைக் கூப்பிட்டபோது தலைவர் சொன்னது ஒன்றுதான். "தோட்டம் உள்ள ஆக்களுக்கு நிறையப் பேர் கதைச்சிட்டினம். தோட்டம் இல்லாத ஆக்களுக்குக் கதையுங்கோ." இங்கே பாதிப் பேருக்கு மேல் பிளாட்டில் இருக்கிறீர்கள். ஒரு பல்கனி, அதுவும் இல்லாவிட்டால் வாசற்படிக்குப் பக்கத்தில் இரண்டு சாடி வைக்க இடம். அந்த இடத்தில் ஒன்றில் கறிவேப்பிலை நிற்கும். மற்றதற்கு நான் ஒரு பூக்கொடியைச் சிபாரிசு செய்ய வந்திருக்கிறேன். கிளெமாட்டிஸ். அதிலும் நாலு அடி, ஐந்து அடிக்கு மேல் போகாத கட்டை வகைகள்.

மே மாதக் கடைசியில் இந்த ஊர்த் தெருக்களில் நடந்தவர்கள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வாசற்கதவு ஓரமாக ஏறி, விரித்த கை அகலத்துக்கு ஊதாவாக விரிந்து நிற்கும். கொடித்தோடையா என்று சிலர் கேட்பார்கள். இல்லை, அது வேறு குடும்பம். இதில் இதழ் என்று நாம் நினைப்பது உண்மையில் புல்லி. அல்லியிதழ் என்று ஒன்று இந்தப் பூவுக்குக் கிடையாது. புல்லிதான் நிறம் ஏறி அந்த வேலையைப் பார்க்கிறது.

உலகத்தில் ஏறக்குறைய 300 இனங்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூப் பூக்கிற காட்டுக் கிளெமாட்டிஸ் இருக்கிறது. ஆனால் நான் இன்று சொல்லப்போகும் பெரிய பூக்காரர்களை ஊருக்குக் கொண்டுபோகலாமோ என்று கேட்காதீர்கள். குளிரில் உறங்கி எழும்பினால்தான் இவற்றுக்குப் பூக்கிற புத்தி வரும். யாழ்ப்பாணத்து வெய்யிலில் உறக்கம் ஏது?

இந்தக் கட்டை வகைகள் எங்கிருந்து வந்தன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கதைக்காக அல்ல. அது தெரிந்தால்தான் சாடியில் என்ன செய்வது, ஏன் செய்வது என்பது விளங்கும்.

இங்கிலாந்துக்குச் சொந்தமான கிளெமாட்டிஸ் ஒன்றே ஒன்றுதான். ரயில் பாதை ஓரங்களில் மாரி காலத்தில் நரைத்த தாடி மாதிரி வேலியெல்லாம் படர்ந்து கிடக்குமே, அதுதான். ஜோன் ஜெரார்ட் என்பவர் 1597இல் தன் மூலிகை நூலில் அதற்கு வழிப்போக்கரின் மகிழ்ச்சி என்று பெயர் வைத்தார். அதற்கும் கொஞ்சம் முன்பே தெற்கு ஐரோப்பாவிலிருந்து விட்டிசெல்லா என்ற வகை தோட்டங்களுக்கு வந்துவிட்டது. பூ சிறிது, செடி உறுதி. பிறகு ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் பெரிய பூக்காரர்கள் கப்பலில் வந்தார்கள். சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கடத்திய ரொபர்ட் ஃபோர்ச்சூன் என்ற ஆளை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர்தான் 1850 அளவில் லனுகினோசா என்ற கொடியை இங்கே அனுப்பினார். அதுவரை யாரும் இங்கே அவ்வளவு பெரிய பூவைப் பார்த்ததில்லை.

கிளப்பம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வோக்கிங் வந்துவிடும். அங்கே ஜாக்மன் என்ற குடும்பம் நாற்றுப்பண்ணை வைத்திருந்தது. 1858இல் அவர்கள் சீனத்து லனுகினோசாவையும் ஐரோப்பிய விட்டிசெல்லா வழி வந்தவற்றையும் கலந்தார்கள். 1862இல் பூத்தது. அந்த ஊதாப் பூவுக்கு ஜாக்மனி என்று பெயர். இன்றைக்கும் உங்கள் தெருவில் அதுதான் அதிகமாக நிற்கும்.

அதன் பிறகு எல்லாருக்கும் ஒரே வெறி: பூ இன்னும் பெரிதாக வேண்டும். ஐரோப்பா முழுவதும் நாற்றுப்பண்ணைக்காரர் லனுகினோசா இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சேர்த்தார்கள். பூ பெருத்தது. செடியின் உடம்பை யார் பார்த்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் வாடல் நோய் வந்து பண்ணைகளில் விளையாடத் தொடங்கிவிட்டது. காலையில் மொட்டோடு நின்ற கொடி பின்னேரம் தொங்கிவிடும். அந்தப் பயத்தில் கிளெமாட்டிஸ் மேலிருந்த மோகமே குறைந்துபோனது. இன்னொரு குறையும் இருந்தது. பூவெல்லாம் மேலே, கீழே மூன்றடி வெறும் காய்ந்த தண்டு. மதிலும் தோட்டமும் உள்ளவர்கள் முன்னுக்கு ஒரு ரோசாவை வைத்து அதை மறைப்பார்கள். பல்கனியில் எதை வைத்து மறைப்பது?

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ரேமண்ட் எவிசன். இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் கிளெமாட்டிஸைப் படித்தவர். 1980களின் நடுவில் குவர்ன்சித் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். பிரான்சுக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னத் தீவு அது. ஒரு காலத்தில் கண்ணாடிக் கூடாரம் கட்டித் தக்காளி வளர்த்து இங்கிலாந்துக்கு அனுப்பி வாழ்ந்த ஊர். ஒல்லாந்துத் தக்காளியின் போட்டியும் எரிபொருள் விலையும் சேர்ந்து அந்தத் தொழிலைப் படுக்கவைத்தன. அந்தத் தீவில் இருந்துகொண்டு எவிசன், டென்மார்க்கின் போல்சன் என்ற ரோசாக் குடும்பத்தோடு சேர்ந்து புது வகைகளை உருவாக்கத் தொடங்கினார். நீங்கள் வாங்கும் சாடியின் சீட்டில் சின்ன எழுத்தில் 'எவிபோ' என்று தொடங்கி ஒரு இலக்கம் இருக்கும். எவிசனின் எவியும் போல்சனின் போவும்தான் அது.

அவர்கள் தேடியது என்ன என்பதுதான் நமக்கு வேண்டியது. குள்ளமாக இருந்தால் போதும் என்று தேடவில்லை. ஒவ்வொரு இலைக்கணுவிலும் பூக்கிற கொடியைத் தேடினார்கள். மேல் நுனியில் மட்டும் பூக்காமல் அடியிலிருந்து முடி வரை கணுவுக்குக் கணு மொட்டு வைக்கிற நாற்றுகளைத் தெரிந்து எடுத்து, அவற்றிலிருந்து திரும்பவும் தெரிந்து எடுத்தார்கள். அப்படி வந்தவைதான் கடைகளில் 'பூல்வார்ட்' என்ற வரிசையில் விற்கிறவை. உயரம் 3 முதல் 5 அடி. காலும் வெறுங்காலாக இராது.

இப்போது என் முறைப்பாட்டுக்கு வருகிறேன். கட்டை வகை என்று கேட்டவுடன் நம் ஆட்கள் செய்கிற முதல் வேலை, சின்னச் சாடி வாங்குவது. கடையிலும் அதைத்தான் தள்ளிவிடுவார்கள், செடியோடு சேர்த்து வைத்தால் பார்க்க வடிவாக இருக்கும். தயவுசெய்து வேண்டாம். இந்தக் கொடி குட்டையாக நிற்பது அதன் பிறவிக் குணத்தால். சாடி அதைக் குட்டையாக்குவதில்லை. மேலே மூன்றடி நின்றாலும் கீழே வேர் மற்றக் கிளெமாட்டிஸ் போலவே இறங்கப் பார்க்கும். தடித்த, சதைப்பற்றான, நூடில்ஸ் மாதிரி நீளமான வேர். சின்னச் சாடியில் வைத்தால் முதல் வருடம் கடையிலிருந்து கொண்டுவந்த பலத்தில் பூக்கும். அடுத்த வருடம் இலைவிளிம்பு கருகும். அதற்கடுத்த வருடம் "இந்த ஊர்ப் பூ நமக்குச் சரிவராது" என்று தூக்கி எறிவோம்.

ஆகக் குறைந்தது 45 சென்டிமீட்டர் அகலம், அதே அளவு ஆழம். ஆழத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். பல்கனிக்காரர்கள் மண் சாடியை விட்டுவிட்டுத் தடித்த பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் சாடி வாங்குங்கள். மண் நிறைத்துத் தண்ணீர் விட்டால் அதுவே போதிய பாரம். அடியில் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டையில் மண் வழியாமல் ஒரு துண்டு ஓடு போதும். அடியில் நாலு அங்குலத்துக்குக் கல் அடுக்குவது பழைய பழக்கம். அது வேருக்குரிய இடத்தைக் கல்லுக்கு வாடகைக்கு விடுவதுதான்.

மண் விஷயத்தில் உங்களுக்கு ஒரு உரிமை இருக்கிறது. கடையில் 'ஜோன் இன்னஸ் நம்பர் 3' என்று கேளுங்கள். அது ஒரு கம்பனியின் பெயர் அல்ல. ஜோன் இன்னஸ் என்பவர் நம்முடைய மேர்ட்டனில் காணி வாங்கி வீடு கட்டி விற்ற பணக்காரர். 1904இல் இறந்தபோது எழுதிவைத்த சொத்திலிருந்து, 1910இல் மேர்ட்டனிலேயே ஒரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1930களில் அங்கே வேலை செய்தவர்கள், சாடிச் செடிகள் ஏன் சாகின்றன என்று துருவித் துருவிப் பார்த்து, இத்தனை பங்கு வளமான மண், இத்தனை பங்கு உக்கிய பொருள், இத்தனை பங்கு மணல், இவ்வளவு பசளை என்று ஒரு கணக்குப் போட்டார்கள். அதை யாருக்கும் விற்காமல் உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கில் கலந்து விற்கலாம். நம்பர் 3 என்றால் நம்பர் 1இல் உள்ளதைப் போல மூன்று மடங்கு பசளை. பல வருடம் ஒரே சாடியில் நிற்கிற கொடிக்கு அதுதான் சரி. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற நேரமெல்லாம் நீங்கள் அந்தக் கணக்குப் பிறந்த ஊரைத்தான் கடந்து போகிறீர்கள். வெறும் பல்பயன் கொம்போஸ்ட் லேசானது, மலிவானது. ஆனால் ஒரு கோடையிலேயே வற்றி இறங்கிவிடும்.

நடும்போது ஆழமாக நட வேண்டும். கறிவேப்பிலையையும் ரோசாவையும் வந்த மட்டத்திலேயே நட்டுப் பழகிய கைக்கு இது கஷ்டமாக இருக்கும். கிளெமாட்டிஸை அது வந்த சாடியின் மண்மட்டத்துக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலம் போகும்படி இறக்குங்கள். தண்டின் அடிக் கணுக்கள் மண்ணுக்குள் போக வேண்டும். நான் முன்பு சொன்ன வாடல் நோய் மேலே உள்ளதை முழுவதும் தின்றாலும், மண்ணுக்குள் இருக்கும் அந்தக் கணுக்களிலிருந்து திரும்ப முளைக்கும். காப்புறுதிப் பணம் கட்டுவது போல. ஒருமுறை கட்டினால் போதும்.

தண்ணீர்: ஏப்ரலில் கிழமைக்கு இரண்டு தரம், ஜூலையில் தினமும். அடியோட்டையால் வடியும் மட்டும் விடுங்கள். மேலே நனைத்துவிட்டுப் போவது தண்ணீர் விட்டதாகாது. வேர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், தலை வெளிச்சம் பார்க்க வேண்டும். இதற்காக மேல்மண்ணில் கூழாங்கல் பரப்பலாம், அல்லது வேர் ஆழம் போகாத சின்னப் பூச்செடி ஒன்றை விளிம்பில் நடலாம். வெந்தயமும் கொத்தமல்லியும் போடலாமோ என்று பின்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார். போடாதீர்கள் அம்மா, இந்தக் கொடியின் இலை சாப்பாட்டுக்கு ஆகாதது. ஆயும்போது பிழையான இலை கையோடு வந்துவிடும். பசளைக்கு, தக்காளிக்கென்று விற்கிற திரவப் பசளை நல்லது. மொட்டு விரியத் தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள், பிறகும் கொடுத்தால் பூ கெதியாக முடிந்துவிடும். அரிசி கழுவிய தண்ணீர் விடுகிறவர்கள் விடலாம். அதைப் பசளைக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

இனி, கொடி எதைப் பிடித்து ஏறுகிறது என்று பாருங்கள். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு, நேரம் கொஞ்சம் கூடினால் தலைவர் பொறுக்க வேண்டும். கிளெமாட்டிசுக்கு அவரைக்கொடி மாதிரித் தண்டு சுற்றுவதில்லை. பாகல் மாதிரித் தனிச் சுருள் கம்பியும் இல்லை. இலைக்காம்புதான் கை. ஒரு குச்சி காம்பில் உரசினால் காம்பு அந்தப் பக்கம் வளைந்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். சுற்றியபின் அது தடித்து இறுகி மரம்போல் ஆகிவிடும். பிடிக்காத காம்பு இலை விழும்போது வாடிப் போகும்.

இதை உட்கார்ந்து அளந்தவர் சார்ல்ஸ் டார்வின். இங்கிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரம்தான், இன்றைய பிரோம்லிக்குள் இருக்கிற டவுண் கிராமம். வருத்தக்காரராக வீட்டோடு கிடந்த காலத்தில் ஏறுகொடிகளைச் சாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1865இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பல வகைக் கிளெமாட்டிஸின் காம்புகளில் ஒரு அரிசியளவு பாரம்கூட வராத நூல் வளையத்தைத் தொங்கவிட்டு, அதற்கும் அது வளைகிறதா என்று பார்த்தார். வளைந்தது. அதே கட்டுரையில், இலையால் ஏறும் கொடிகள் என்ற அதே பகுதியில், இன்னொரு செடியும் வருகிறது. இலைநுனி கொக்கியாகச் சுருண்டு பிடிக்கிற குளோரியோசா. அதாவது நம் கார்த்திகைப் பூவின் இனம். ஊரில் வேலியில் ஏறி நின்ற அந்தச் செடியின் இலைநுனியைச் சின்ன வயதில் விரலில் சுற்றிப் பார்த்தவர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள். அந்தக் கொக்கியைத்தான் அவரும் உரசிப் பார்த்தார்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விஷயம். காம்பு ஒரு சிறிய கை. பென்சிலைவிடத் தடித்த எதையும் அதால் சுற்ற முடியாது. கடையில் விற்கும் அழகான மரச்சட்டத் தட்டிகள் இதற்குப் பிரயோசனமில்லை, கொடி அதில் சாய்ந்து நிற்குமே தவிரப் பிடிக்காது. மெல்லிய கம்பிக் கூண்டு, மீன்வலை மாதிரிப் பயிற்றங்கொடிக்குக் கட்டும் வலை, அல்லது கிளை பரந்த காய்ந்த சுள்ளி நாலைந்து போதும். வசந்தத்தில் தண்டு கிழமைக்கு ஒரு சாண் நீளும். அந்த நேரத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை விரலால் பரப்பிவிடுங்கள். மேலே விடாமல் பக்கவாட்டில் சுற்றிவிட்டால் அடியிலும் பூ நிறையும்.

வாடல் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது ஒரு பூஞ்சணம். பெரும்பாலும் பூக்கப்போகும் நேரத்தில் ஒரு தண்டு திடீரென்று தொங்கும், காம்பும் தண்டும் கறுக்கும். அதை நல்ல தண்டு வரும் இடம் வரை, தேவையானால் மண்மட்டம் வரை வெட்டி, குப்பையில் போடுங்கள், கூட்டெருவில் போடாதீர்கள். செடியை எறிய வேண்டாம். ஆழ நட்டிருந்தால் அந்தக் கோடையிலேயோ அடுத்த வசந்தத்திலேயோ முளை வரும். ஆனால் தொங்கியதெல்லாம் வாடல் நோய் அல்ல. நத்தை தண்டின் தோலைச் சுரண்டியிருக்கலாம், காற்றுக்கு முறிந்திருக்கலாம், நீங்கள் ஒரு கிழமை பாரீசுக்குக் கலியாணத்துக்குப் போய்வந்திருக்கலாம். முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள்.

எதை வாங்குவது? பல்கனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் சொல்லுங்கள். வடக்கும் கிழக்கும் பார்த்த வீடுகளுக்கு வெளிர் நிறங்கள்: 'செசான்' என்ற இளநீலம் மாதிரி. கடும் வெய்யிலில் அந்த நிறங்கள் வெளுத்துவிடும், நிழலில்தான் அவற்றுக்கு உயிர். மேற்கும் தெற்கும் பார்த்தவர்கள் 'பிக்கார்டி' என்ற கருஞ்சிவப்பு ஊதாவை எடுக்கலாம். 'பிஜூ' என்ற ஒன்று முழங்கால் உயரத்துக்கு மேல் அதிகம் போகாது. ஏறுவதற்குக் கம்பியும் பெரிதாக வேண்டாம், விளிம்பால் வழிந்து தொங்கும். மொன்டானா என்ற பெயர் சீட்டில் இருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். அது 30 அடி போகும், மேல்மாடிக்காரரோடு சண்டை வரும். வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள். சாடியைத் தூக்கி அடியைப் பாருங்கள், மண்ணிலிருந்து எத்தனை தண்டு புறப்படுகிறது என்று பாருங்கள். ஒற்றைத் தண்டில் நாலு பூ நிற்பதைவிட, பூவே இல்லாமல் மூன்று தண்டு நிற்பது நல்ல செடி.

மாரி காலத்தில் கொடிக்குக் குளிர் ஒன்றும் செய்யாது. ஆனால் சாடிக்குள் வேரைச் சுற்றி நிலம் இல்லை, பனி நாலு பக்கத்தாலும் போகும். சாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தி, பார்சலில் வருகிற குமிழ் பிளாஸ்டிக்கைச் சுற்றிக் கட்டினால் போதும். உள்ளே கொண்டுவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் கறிவேப்பிலையோடு வைக்காதீர்கள். அதற்கு உறக்கம் வேண்டும் என்று முதலே சொன்னேன்.

கடைசியாக வெட்டு. மேசையில் இருக்கிற இந்தச் செத்துப்போன மாதிரித் தெரிகிற குப்பை, எட்டு மாதத்துக்கு முன் பூவால் இலை தெரியாமல் நின்ற கொடி. கிளெமாட்டிஸ் வெட்டுவதற்கு மூன்று பிரிவுகள் உண்டு. பழைய பெரிய பூக்காரர்களில் பலர் போன வருடத்துத் தண்டில்தான் முதல் பூவை வைப்பார்கள், அவர்களைக் கடுமையாக வெட்டினால் மே மாதப் பூ போய்விடும். இந்தக் கட்டை வகைகளில் பெரும்பாலானவை புதுத் தண்டிலும் பூக்கும். ஆகவே பெப்ரவரிக் கடைசியில், மண்ணிலிருந்து ஆறு முதல் பன்னிரண்டு அங்குலத்துக்குள், பருத்த மொட்டுச் சோடி ஒன்றுக்குச் சற்று மேலே வெட்டலாம். ஜூனில் முதல் பூ முடிந்ததும் பூத்த தலைகளை எடுத்து, பசளை கொடுத்தால் ஓகஸ்ட் அளவில் இரண்டாம் முறை பூக்கும். முதல் வருடக் கன்று எந்த வகையாக இருந்தாலும் இதே வெட்டு வெட்டுங்கள். பூ கொஞ்சம் பிந்தும். ஆனால் அடியிலிருந்து பல தண்டு புறப்படும், அதற்காகத்தான்.

இங்கே கிட்ட வந்து பாருங்கள். மேலே உள்ளது நரைத்துச் சுருண்ட தண்டு, நகத்தால் சுரண்டினால் உள்ளே மண்ணிறம். கொஞ்சம் கீழே சுரண்டினால் பச்சை. இதோ, இந்தக் கணுவில் இரண்டு பக்கமும் உளுந்தளவில் ஊதா கலந்த பச்சையில் முளை நிற்கிறது. இதற்கு அரை அங்குலம் மேலே வெட்ட வேண்டும். வெட்டுகிறபோது தண்டின் சாறு தோலில் பட்டால் சிலருக்குக் கடிக்கும், கொப்பளிக்கவும் செய்யும். பிரான்சில் பழைய காலத்துப் பிச்சைக்காரர் இரக்கம் சம்பாதிக்க இந்தச் சாற்றைத் தோலில் பூசிப் புண் வரவழைப்பார்களாம். அங்கே காட்டுக் கிளெமாட்டிசுக்கு அப்படியே ஒரு பெயரும் இருக்கிறது. ஆகவே கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பேரப்பிள்ளைகளைக் கிள்ளி விளையாட விடாதீர்கள்.

இந்தச் சாடியில் இன்னும் ஏழெட்டுத் தண்டு வெட்டாமல் விட்டு வைத்திருக்கிறேன். முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக வந்து ஒன்று வெட்டிப் பாருங்கள். பிழையாக வெட்டினாலும் கீழே முளை இருக்கிறது, பயப்பட வேண்டாம். கையுறை ஒரு சோடிதான் கொண்டுவந்தேன், ஆகவே வரிசையில் வாருங்கள்.